சூரபத்மனுக்குக் கிடைத்தது ஆர்தாஸுக்கும் கிடைக்குமா?



"நான் விரும்பும் கதைப்பாத்திரம்" என்னும் தலைப்பில் ஆறாம் ஆண்டு மாணவர்களை எழுதச் சொன்னால், அரிச்சந்திரனும் ஔவையாரும் வருவார்கள் என்றுதான் ஆசிரியர்களாகிய நாம் எதிர்பார்க்கிறோம். என் வகுப்பில் வருவது வேறு. பையன்கள் பலர் நிகழ்பட விளையாட்டுகளில் வரும் தீயவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். "அவன் கெட்டவன்தான் ஐயா, ஆனால் மற்றவர்கள்தான் அவனை அப்படி ஆக்கிவிட்டார்கள்" என்று அவனுக்காக வழக்காடவும் செய்கிறார்கள்.

இதைக் கண்டு சில பெற்றோர் அஞ்சுகின்றனர். "விளையாட்டு என்ற பெயரில் கொலைகாரனைக் கொண்டாடக் கற்றுக்கொடுக்கிறார்கள்" என்று பெற்றோர் சந்திப்பின்போது ஒரு தந்தை என்னிடம் வருந்தினார். ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுதான். அவர்களுடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும், பிள்ளைகள் கேட்கும் கேள்வி தவறான கேள்வி என்று நான் கருதவில்லை. இரக்கத்திற்குரிய தீயவன் ஒருவனுக்குக் கடைத்தேற்றம் தகுமா என்பதுதான் அவர்கள் கேட்பது. பல நூற்றாண்டுகளாகத் தமிழர்களும் கேட்டுவரும் கேள்வி இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவனுக்கு முன்பு நேர்ந்த துன்பம் அவன்மேல் நாம் இரங்குவதற்குக் காரணமாகலாம். அவன் கடைத்தேறுவதற்குக் காரணமாகாது. அதே வேளையில், கடைத்தேறும் வாயிலை எவருக்கும் அடைத்துவிடவும் கூடாது. இவ்விரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும். அது எளிதன்று.

ஆர்தாஸின் கதை

இந்த விளையாட்டுகளை அறியாத பெற்றோருக்காக ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 2002ஆம் ஆண்டில் 'வார்கிராஃப்ட் 3' என்னும் கணினி விளையாட்டு வெளிவந்தது. நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்த காலம் அது. வார இறுதியில் ஈப்போ நகரின் இணைய மையங்களில் இடம் கிடைக்காது. இளைஞர் கூட்டம் அந்த அளவுக்கு இருக்கும். நானும் சில நண்பர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள்தாம்.

அதன் முதன்மைப் பாத்திரம் ஆர்தாஸ் என்னும் இளவரசன். மக்கள்மேல் அன்புடையவன், அறவழி நிற்கும் வீரர்களிடம் பயின்றவன். அவன் நாட்டில் தானியத்தின் வழியாக ஒரு கொள்ளைநோய் பரவுகிறது. அந்தத் தானியத்தை உண்டவர்கள் இறந்து, பிணமாக எழுந்து, உயிரோடு இருப்பவர்களைத் தாக்குவார்கள். ஒரு நகரத்து மக்கள் அதை உண்டுவிட்டார்கள் என்று அறிந்ததும், நோய் முற்றுவதற்கு முன்பே அந்நகரத்தாரைக் கொன்றுவிடுமாறு ஆர்தாஸ் ஆணையிடுகிறான். ஆசானும் தோழியும் அதற்கு உடன்படாமல் விலகிப் போகிறார்கள். பழிவாங்கும் வெறியோடு அவன் ஒரு சாபம் பிடித்த வாளைக் கைக்கொள்கிறான். அந்த வாள் அவன் உயிரையே விழுங்கிவிடுகிறது. இறுதியில் நாடு திரும்பி, அரியணையில் அமர்ந்திருக்கும் தன் தந்தையையே கொல்கிறான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பரைப் படிக்கும்போது இராவணன் செய்வதை நாம் வெளியே நின்று பார்க்கிறோம். விளையாட்டில் அப்படியில்லை. அந்த நகரத்து வீடுகளை இடிப்பதும் உள்ளிருப்போரைக் கொல்வதும் விளையாடுபவனின் விரல்கள்தாம். நூறு பேரை எட்டும்வரை எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே போகும். அதைச் செய்யாமல் அடுத்த கட்டத்திற்குச் செல்ல முடியாது. ஆகவே, "ஆர்தாஸுக்கு மன்னிப்பு உண்டா?" என்று ஒரு பையன் கேட்கும்போது, தான் செய்ததைப் பற்றியும் கொஞ்சம் சேர்த்தே கேட்கிறான். அந்தக் கேள்வியை "அது வெறும் விளையாட்டு" என்று ஒதுக்கிவிடுவது ஆசிரியருக்கு அழகன்று.

தீயவனுக்கு இரங்கிய நம் புலவர்கள்

தீயவனிடமும் நல்லதைக் காண்பது இக்காலத்துக் கெட்ட பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். நம் நூல்களைத் திறந்து பார்த்தால் அவ்வாறு சொல்ல முடியாது.

கம்பர் படைத்த இராவணன் சிவபக்தன், இசையறிந்தவன், பெருவீரன். அவன் வீழும்போது படிப்பவர் மனம் மகிழ்ச்சியில் துள்ளுவதில்லை; கனத்துப் போகிறது. அவன் தம்பி கும்பகருணன் இன்னும் ஒருபடி மேல். சீதையை விடுவித்துவிடு என்று அண்ணனிடம் நேருக்கு நேராகச் சொல்கிறான். அண்ணன் கேட்கவில்லை. வீடணன் வந்து இராமன் பக்கம் அழைத்தபோதும் அவன் போகவில்லை. உண்ட சோற்றுக்குக் கடன்பட்டவனாய்ப் போர்க்களத்தில் உயிர்விடுகிறான். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் சிங்கமுகன் வருகிறான். தேவர்களைச் சிறையிலிருந்து விடுவிக்குமாறு தமையன் சூரபத்மனுக்கு அறிவுரை சொல்கிறான். அது எடுபடாதபோது அவனும் தமையனுக்காகவே போரிட்டு மடிகிறான்.

தவறு எது என்று அறிந்தும் அன்பினால் தவறான பக்கம் நின்றவர்கள் இவர்கள். புலவர்கள் இவர்களுக்காக இரங்கினார்கள். நம்மையும் இரங்க வைத்தார்கள். ஆனால் அந்த இரக்கத்திற்காகக் கதையின் முடிவை மாற்றவில்லை. கும்பகருணனின் நற்பண்பால் இராவணன் செய்தது சரியாகிவிடவில்லை. சீதை சிறையிருந்தாள் என்னும் உண்மை கடைசி வரை அப்படியேதான் நிற்கிறது.

கதை சொல்பவர் மாறினால்

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். தீயவன் என்று யார் சொன்னது? கதையை எழுதியவர் சொன்னார். எழுதியவர் மாறினால்?

தமிழ்நாட்டில் இது நடந்தது. புலவர் குழந்தை இராவணனையே தலைவனாக வைத்து 'இராவண காவியம்' பாடினார். 1946இல் வெளிவந்த அந்நூலைச் சென்னை அரசு 1948இல் தடை செய்தது. தடை நீங்க 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிஞர் அண்ணாவின் 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில் இராவணன்மேல் உள்ள வழக்கு மறுவிசாரணைக்கு வருகிறது. இரக்கமில்லாத அரக்கன் என்பது குற்றச்சாட்டு. தன்னைக் குற்றம் சாட்டுபவர்களும் அவர்கள் போற்றுபவர்களும் எப்போது இரக்கம் காட்டினார்கள் என்று அவன் திருப்பிக் கேட்கிறான்.

அவ்வளவு தொலைவு போக வேண்டாம். நம் பேரா மாநிலத்தையே பாருங்கள். ஆங்கிலேயரின் முதல் ரெசிடெண்டாக வந்த ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 1877 சனவரியில் மகாராஜா லேலாவும் டத்தோ சாகோரும் தூக்கிலிடப்பட்டனர். ஆங்கிலேயரின் ஏட்டில் அவர்கள் கொலைகாரர்கள். நம் பள்ளிப் பாடநூலில் அவர்கள் நாட்டின் வீரர்கள். ஈப்போவில் பர்ச்சின் நினைவாக 1909இல் எழுப்பிய மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. அது நிற்கும் சாலையின் பெயர் டத்தோ சாகோர் சாலை. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, ஒரே இடத்தில் இரண்டு கதைகள் நிற்பதைக் காட்டலாம். மலாய் இலக்கியத்தில் அங் ஜெபாட்டுக்கும் இதுவே நேர்ந்தது. அரசனை எதிர்த்த துரோகி எனப் பழைய காவியம் சொன்னவனை, 1961இல் உஸ்மான் அவாங் தம் நாடகத்தில் வீரனாக நிறுத்தினார்.

இவற்றை நான் மதிக்கிறேன். வென்றவர் எழுதிய கதையை மறுபடி விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் இது வேறு வகையான மீட்பு. இதில் அந்த மனிதன் மாறுவதில்லை. அவனைப் பற்றிய தீர்ப்பு மாறுகிறது. "அவன் குற்றமே செய்யவில்லை" என்று நிறுவும் முயற்சி இது. ஆர்தாஸின் நிலை அப்படியன்று. அவன் செய்ததை நாமே கண்ணால் கண்டோம். பிள்ளைகள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். "அவனுடைய கதையைக் கேட்டேன், ஆகவே அவன் நல்லவன்" என்ற முடிவுக்கு உடனே வந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

மயிலும் சேவலும்

உண்மையாகவே குற்றம் செய்தவனுக்கு என்ன வழி? இதற்குச் சூரபத்மனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குப் பால்குடமும் காவடியும் எடுத்துச் செல்லும் கூட்டத்தில் நம் மாணவர்கள் பலர் இருப்பார்கள். காவடியில் மயிற்பீலி ஆடும். கொடியில் சேவல் இருக்கும். அந்த மயில் யார், அந்தச் சேவல் யார் என்று கேட்டுப் பாருங்கள். பலருக்குத் தெரியாது. இரண்டும் சூரபத்மன்தான்.

கந்தபுராணத்தின்படி அவன் கடுந்தவம் செய்து வரம் பெற்றவன். பெற்ற வலிமையால் தேவர்களைச் சிறையிட்டு ஏவல் செய்ய வைத்தான். போரின் நடுவே முருகன் தன் பேருருவைக் காட்டியபோது சூரனின் மனம் ஒரு கணம் இளகுகிறது. பாலகன் என்று தான் இகழ்ந்தவன் யார் என்பது விளங்குகிறது. ஆனால் மானம் தடுக்கிறது. பழைய செருக்குத் திரும்பி வந்துவிடுகிறது. கடலின் நடுவே மாமரமாய் நிற்கிறான். வேல் அவனை இரண்டாகப் பிளக்கிறது. அப்போதும் அடங்காமல் சேவலும் மயிலுமாகிப் பாய்ந்து வருகிறான். முருகனின் அருட்பார்வை பட்டதும் பகை நீங்குகிறது. சேவல் கொடியாகிறது, மயில் ஊர்தியாகிறது.

இக்கதையில் என்னை நிறுத்தி வைப்பவை மூன்று.

முதலாவது, வேல் முன்னே வருகிறது; அருள் அதன்பின் வருகிறது. தீமை தடுத்து நிறுத்தப்படாமல் கடைத்தேற்றம் பற்றிய பேச்சே இல்லை.

இரண்டாவது, சிறைப்பட்டவர்களை யாரும் மறக்கவில்லை. போர் முடிந்ததும் தேவர்கள் விடுவிக்கப்படுகிறார்கள். சூரன் அருள்பெற்ற மகிழ்ச்சியில் அவர்களைச் சிறையிலேயே விட்டுவிட்டிருந்தால் அந்த அருளுக்குப் பொருளில்லை.

மூன்றாவது, சூரனின் வலிமை அழிக்கப்படவில்லை. அது சுமக்கும் வேலைக்குத் திருப்பப்பட்டது. கடைத்தேறியவனுக்கு ஓய்வு கிடைக்கவில்லை, பணி கிடைத்தது.

"சூரன் மனம் திருந்தியதாகவே இல்லையே, கடைசி வரை எதிர்த்தானே, அவனுக்கு இது எப்படித் தகும்?" என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி. தகுதி பார்த்துக் கொடுத்ததாகப் புராணமும் சொல்லவில்லை. கொடுத்தவரின் கருணை அது. கடைத்தேற்றத்தை எவரும் உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது என்பதே இதிலிருந்து நான் பெறும் பாடம்.

வியப்பு என்னவென்றால், அந்தக் கணினி விளையாட்டின் கதையும் கிட்டத்தட்ட இவ்விடத்திற்கே வந்து சேர்ந்தது. ஆர்தாஸ் 2008இல் வந்த தொடர்ச்சியில் வீழ்த்தப்படுகிறான். அவனால் கொல்லப்பட்டு ஆவியாக்கப்பட்ட சில்வானாஸ் என்னும் வீராங்கனை, பின்னாளில் தானே கொடியவளாகிறாள். 2018இல் வந்த பகுதியில் ஒரு மாபெரும் மரத்தின்மேல் அமைந்த நகரத்தை, உள்ளே மக்கள் இருக்கும்போதே எரித்துவிடுகிறாள். அவளுக்கு மன்னிப்புக் கொடுக்கலாமா என்று உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். 2022இல் கதை ஒரு தீர்ப்பைச் சொன்னது. தீர்ப்பளித்தவர் எரிந்துபோன நகரத்து மக்களின் தலைவி. மரண உலகின் கொடிய பகுதிக்குச் சென்று, அங்கே சிக்கியுள்ள உயிர்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் மீட்க வேண்டும். அதுவரை அவள் திரும்பக் கூடாது. மன்னிப்பும் இல்லை, மரணமும் இல்லை, வேலை கொடுக்கப்பட்டது. கொடுத்தவர் பாதிக்கப்பட்டவர். என் பார்வையில் இது நல்ல தீர்ப்பு.

தோட்டத்துக் கங்காணி

கற்பனைக் கதைகளோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. இரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிகள் உள்ள வீடுகளில் ஒரு தீயவன் இன்றும் உலவுகிறான். அவன்தான் கங்காணி. ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்தவன், பிரட்டுக் களத்தில் வசைபாடியவன், கைநீட்டியவன்.

அவனுக்கும் ஒரு முன்கதை உண்டு. பல கங்காணிகள் தாங்களும் தோட்டத் தொழிலாளியாக வந்தவர்கள்தாம். சொந்த ஊருக்குப் போய் உற்றார் உறவினரையே அழைத்து வந்தார்கள். தம் ஆள்கள் வேலைக்கு வந்த நாள்களைக் கணக்கிட்டு அவர்களுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே காய்ச்சலில் கிடந்தவனையும் எழுப்பி விரட்டினார்கள். மேலே துரை, கீழே தன் ஊர்க்காரன், இடையில் கங்காணி. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்த பிறகு, அந்த ஆள்பிடிக்கும் முறை முடிவுக்கு வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்ட பிறகும் கதை மட்டும் மாறவில்லை.

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவிய என் பாட்டி, தன்னை அடித்த கங்காணியைப் பற்றிச் சொல்லும்போது, "அவனும் பாவந்தான்யா, வெள்ளக்காரன்கிட்ட அவனும் பட்டான். ஆனா அடிச்சது அடிச்சதுதான்" என்பார். கல்வி வாசனை இல்லாத ஒரு மூதாட்டியின் இந்தச் சொல்லில் இரக்கமும் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

வகுப்பறையில் இது எதற்கு?

ஏனென்றால், நாம் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளைப் பற்றித் தீர்ப்பளித்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிகளில் இருவகைப் பேச்சுகளைக் கேட்கிறேன். ஒன்று, "அவன் வீட்டுச் சூழல் அப்படி, விட்டுவிடுங்கள்." மற்றொன்று, "அவன் உருப்படமாட்டான், விட்டுவிடுங்கள்." இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றும். இரண்டின் முடிவும் ஒன்றுதான்: விட்டுவிடுவது.

நான் அறிந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் ஓய்வுநேரக் காசைப் பிடுங்கி வந்தான். தந்தை வீட்டில் இல்லை; தாய் தொழிற்சாலையில் இரவு வேலை. அவன் வீட்டு நிலையைக் கேட்ட ஆசிரியர்கள் கண்கலங்கினார்கள். அவனைத் திருத்த ஒரு நல்ல பொறுப்புக் கொடுக்கலாம், சிற்றுண்டிச்சாலையில் சிறிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று ஒருவர் கருத்துரைத்தார். காசு இழந்த பிள்ளையின் தாய் அதை மறுத்தார். "அவன் திருந்தட்டும் சார், வேண்டாங்கல. அதுக்கு என் மகன் ஏன் தெனமும் அவன் மூஞ்சியப் பார்த்துப் பயப்படணும்?" என்றார். அறையில் யாருக்கும் மறுமொழி இல்லை.

இறுதியில் அவனுக்கு நூலகத்தில் வேலை கொடுக்கப்பட்டது. எடுத்த காசைத் தன் ஓய்வுநேரக் காசிலிருந்து வாரந்தோறும் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்தான். காசை ஆசிரியரிடம்தான் கொடுக்க வேண்டும், பிள்ளையின் அருகே போகக் கூடாது என்பது அந்தத் தாய் விதித்த நிபந்தனை. அவன் பெரிய ஞானியாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். நூலகத்திலும் இரண்டொரு முறை சண்டை போட்டான். ஆனால் கடன் தீர்ந்த நாளில், "எல்லாம் கொடுத்துட்டேன் சார்" என்று வந்து சொன்னான். அந்தச் சிறுவன் அவனோடு பேசவே இல்லை. பேச வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை.

அந்தத் தாய் கூட்டத்தில் வாய் திறந்திராவிட்டால், நம் இரக்கம் முழுவதும் ஒரு பிள்ளைக்கே போயிருக்கும். முன்கதை உள்ளவன்மேல் நம் கண் போகிறது. அடிவாங்கியவனுக்குக் கதை எழுத யாரும் இல்லை. விளையாட்டுகளிலும் இதே குறைதான். ஆர்தாஸின் வருத்தத்தைக் காட்ட நீண்ட காட்சிகள் உண்டு. அந்த நகரத்தில் இறந்தவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது?

ஆசிரியர்களே, பெற்றோர்களே,

பிள்ளைகள் தீயவனைப் பற்றி ஆர்வமாகப் பேச வரும்போது தடுக்காதீர்கள். நன்னெறிக் கல்விப் பாடத்தில் பட்டியல் போட்டுச் சொல்லும் பண்புகளைவிட, அந்தப் பேச்சில் கற்பதற்கு நிறைய உண்டு. கூடவே இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. அவன் ஏன் அப்படி ஆனான்?
2. அவனால் பாதிக்கப்பட்டவர்கள் யார்? அவர்களுக்கு இப்போது என்ன வேண்டும்?
3. அவன் தீமையை நிறுத்திவிட்டானா, அல்லது யாராவது நிறுத்தினார்களா?
4. இனி அவன் எதைச் சுமக்கப் போகிறான்?

முதல் கேள்வியோடு பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அதைக் கேட்கவே மறுக்கிறார்கள் பெரியவர்கள் பலர். நான்கையும் கேட்டுப் பழகிய பிள்ளை நாளை இடைநிலைப்பள்ளிக்குப் போவான். அங்கே, கையில் காசும் பின்னால் கூட்டமும் வைத்துக்கொண்டு, தன் கடந்தகாலத் துன்பத்தைச் சொல்லி அவனை இழுக்கும் 'அண்ணன்'கள் இருப்பார்கள். அந்தக் கதையைக் கேட்டு அவன் மனம் இரங்கட்டும், அதில் தவறில்லை. ஆனால், "சரிண்ணே, நீங்க அடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று அவன் மனத்திற்குள்ளாவது ஒருமுறை கேட்க வேண்டும்.

உங்கள் வகுப்பில், உங்கள் வீட்டில் பிள்ளைகள் எந்தத் தீயவனுக்காக வாதாடுகிறார்கள்? அவர்கள் சொல்லும் காரணம் என்ன? எழுதுங்கள், கலந்து பேசுவோம்.

அன்புடன்,
ஈப்போவிலிருந்து ஒரு தமிழாசிரியர்